இரவில் சமைத்த உணவைப் படம் எடுத்தால் மஞ்சள் பூத்துப் போவது ஏன்?

அரைத்தட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுக்கும் மேலாக, வீட்டில் சமைக்கும் உணவுகளின் செய்முறையை எழுதி, கூடவே ஒரு படத்தையும் எடுத்து, தொலைவில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பி வருகிறேன். அவள் செய்முறையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறாள், பிறகு, "அண்ணா, இது உண்மையிலேயே நன்றாக இருந்ததா?" என்று தயங்கிக் கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. படத்தைத் திரும்பப் பார்க்கும்போது எனக்கே அந்த ஐயம் வந்துவிடுகிறது.

என் சிக்கல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சோறு வெள்ளையாக இல்லாமல் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் வருகிறது. தக்காளி சேர்த்த குழம்பு சேற்று நிறத்துக்குப் போய்விடுகிறது; அதன் மேல் மிதக்கும் எண்ணெயில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெறிக்கின்றன. மேலிருந்து எடுத்தால் என் கையின் நிழல் தட்டின் குறுக்கே விழுகிறது. அருகில் சென்று எடுத்தால் வட்டமான கிண்ணம் முட்டை வடிவத்தில் இழுபடுகிறது.

நான் சமைப்பது பெரும்பாலும் இரவு எட்டு மணி அளவில். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஒரு மஞ்சள் பல்பும், பக்கச் சுவரில் ஒரு வெள்ளை டியூப் லைட்டும் எரிகின்றன. கையில் இருப்பது நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கைப்பேசி. புதிய கேமரா வாங்கும் எண்ணம் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். படம் எடுத்த உணவையே சாப்பிட வேண்டும் என்பதால், விளம்பரக்காரர்கள் செய்யும் பசை, சாயம் போன்ற வேலைகளும் வேண்டாம். இந்த வரம்புகளுக்குள் எதையாவது சரிசெய்ய முடியுமா? கோளாறு கேமராவிலா, வெளிச்சத்திலா, என் கையிலா?

பழைய ஃபிலிம் சுருள் (பதில்)

வணக்கம். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: மேலே ஒரு மஞ்சள் பல்பு, பக்கத்தில் ஒரு வெள்ளை டியூப் லைட். கேமராவை மாற்றினாலும் இந்த இரண்டும் சேர்ந்து எரியும்வரை இதே படம்தான் வரும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பிடுகிறார்கள். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை, நண்பகல் வெளிச்சம் 5500 அளவில், வெள்ளை டியூப் லைட் 6500 அளவில் இருக்கும். எண் கூடக் கூட ஒளி நீலம் சார்ந்ததாகிறது. நம் கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டை உடனுக்குடன் சரிசெய்துகொள்வதால், எந்த விளக்கின் கீழும் சோறு நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவும் வைட் பேலன்ஸ் என்னும் முறையில் அதே வேலையைச் செய்ய முயல்கிறது. ஆனால் அது பொதுவாகப் படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தைத்தான் போடும். மஞ்சள் பல்புக்கு ஏற்ப அது திருத்தினால் டியூப் லைட் படும் பக்கம் நீலமாகும். டியூப் லைட்டுக்கு ஏற்பத் திருத்தினால் மறுபக்கம் மஞ்சளாகும். இரண்டுக்கும் நடுவில் நின்றால், நீங்கள் சொன்ன அந்தச் சாம்பல் மஞ்சள்தான் மிஞ்சும். எனவே முதல் வேலை, இரண்டில் ஒன்றை அணைப்பது. எதை அணைப்பது என்பதைவிட, ஒன்று மட்டும் எரிகிறதா என்பதே இங்கே முக்கியம். பகலில் எடுக்கும்போதும் இதே விதிதான். சாளர வெளிச்சத்தில் எடுப்பவர்கள் பலர் வீட்டு விளக்கை அணைக்க மறந்துவிட்டுக் கேமராவைத் திட்டுகிறார்கள்.

தக்காளியின் சிவப்பு சேறாகப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பொருள்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. உச்ச அளவு 100. பழைய குண்டு பல்புகள் கிட்டத்தட்ட 100-ஐ எட்டின; இன்றைய சாதாரண எல்.இ.டி. விளக்குகள் பல 80 அளவில் நிற்கின்றன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பு அதில் சேர்க்கப்படுவதில்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண் இருக்கிறது. ஆகவே 80 என்று போட்டிருக்கும் விளக்கின் கீழ், சுவரும் மேசையும் இயல்பாகத் தெரிய, தக்காளியும் மிளகாயும் இறைச்சியும் மட்டும் செத்துப்போய்த் தெரிவது நடக்கக்கூடியதே. நீங்கள் எதையாவது வாங்குவதாக இருந்தால், கேமராவுக்குப் பதிலாக 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள ஒரே ஓர் எல்.இ.டி. பல்பை வாங்கி, ஒரு மேசை விளக்கில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அந்த மேசை விளக்கை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. என்னைப் பொறுத்தவரை இதுவே உணவுப் படத்தின் உயிர். தட்டை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆறு மணி இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். விளக்கு ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட இடத்தில், தட்டைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். உங்கள் பின்னாலிருந்து ஒளி வந்தால், உணவின் மேடுபள்ளங்கள் எல்லாம் தட்டையாகிவிடும். கை நிழலும் விழும். உணவின் பக்கத்திலிருந்தோ அதற்குச் சற்றுப் பின்னாலிருந்தோ வந்தால், ஒவ்வொரு பருக்கைக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழல் பக்கமும் கிடைக்கும். ரொட்டியின் மொறுமொறுப்பு நம் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சின்னஞ்சிறு நிழல்களால்தான். ஆவி பறக்கும் சூப்பை எடுக்க வேண்டுமானால், ஒளி கிண்ணத்துக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டும், பின்னணியும் இருண்டிருக்க வேண்டும். ஆவியில் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கின்றன என்பதால், முன்பக்க வெளிச்சத்தில் அது கண்ணுக்கே படாது.

எண்ணெயில் தெறிக்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கும் மருந்து இங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணெய்த் துளியும் ஒரு சிறு குவியாடி. அதில் நீங்கள் பார்க்கும் புள்ளி, உங்கள் பல்பின் பிம்பம். பல்பு சிறியதாக இருந்தால் புள்ளி கூர்மையாகக் குத்தும். ஒளி வரும் பரப்பு பெரிதானால் அது மெல்லிய மினுமினுப்பாக மாறும். விளக்குக்கும் தட்டுக்கும் நடுவில் டிரேசிங் பேப்பரையோ பட்டர் பேப்பரையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ விரித்துப் பிடித்தால், அந்தத் தாள் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. தாள் தட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மை கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: எல்.இ.டி. பல்பாக இருந்தாலும் தாளைப் பல்பின் மேலேயே சுற்றிவிடாதீர்கள். குண்டு பல்பாகவோ ஹாலோஜனாகவோ இருந்தால் தாள் தீப்பிடிக்கவே கூடும்.

விளக்குக்கு எதிர்ப்பக்கம் நிழல் மிகவும் கறுத்துப்போனால், அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள்; தெர்மோகோல் துண்டும் போதும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால், நிழல் கரைவதையும் கூடுவதையும் திரையிலேயே காணலாம். நிழலை முழுவதும் துடைத்துவிடத் தேவையில்லை. என் அனுபவத்தில், புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் நிழலைப் பகையாகவே பார்க்கிறார்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று கேமராவின் ஃபிளாஷை மட்டும் போடாதீர்கள். அது மிகச் சிறிய விளக்கு, லென்ஸை ஒட்டியே இருக்கிறது, நேர் முன்னாலிருந்து அடிக்கிறது; மேலே நான் வேண்டாம் என்று சொன்ன அத்தனையும் அந்த ஒன்றில் அடங்கிவிடுகின்றன. வெளிச்சம் கூட வேண்டுமானால், மேசை விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள். சிறிய விளக்கைப் பொறுத்தவரை, தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

இரண்டே நிமிடம் (பதில்)

மேலே எழுதியவர் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. நான் உங்கள் இரண்டு நிமிட வரம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் வீட்டிலும் அதே நிலைதான்.

உணவு மேசைக்கு வந்த பிறகு தொடங்கினால் இரண்டு நிமிடம் போதவே போதாது. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே, காலித் தட்டை அதன் இடத்தில் வைத்து, அதில் ஏறத்தாழ அதே நிறமும் உயரமும் உள்ள எதையாவது, ஒரு கைக்குட்டையையோ ஓர் எலுமிச்சம்பழத்தையோ போட்டு, விளக்கு, அட்டை, கைப்பேசி மூன்றையும் முன்கூட்டியே நிலைநிறுத்திவிடுங்கள். கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்துவிட்டால், கை நடுக்கமும் இல்லை, கோணத்தைத் தேடும் நேரமும் மிச்சம். இரண்டு நொடி டைமரைப் போட்டுக்கொண்டால், பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அசைவும் படத்தில் வராது. இரவு வெளிச்சத்தில் கைப்பேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கோக்கின்றன என்பதால், இந்த அசையாமை நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வேறுபாட்டைத் தரும். அந்தக் கோத்தலில் ஆவி மட்டும் கரைந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவி வேண்டிய அன்று நைட் மோடை அணைத்துவிடுங்கள்.

லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். சமையல் செய்யும் கையோடு எடுக்கும் கைப்பேசியின் லென்ஸில் விரல் எண்ணெயும் அடுப்பின் பிசுபிசுப்பும் படிந்திருக்கும். அதன் வழியே பார்க்கும்போது விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் போல் பரவி, நிறங்கள் எல்லாம் வெளுத்துவிடும். என் பழைய படங்களில் பாதி இப்படித்தான் கெட்டன.

கிண்ணம் முட்டை வடிவமாவது லென்ஸின் குற்றமன்று, தூரத்தின் குற்றம். கைப்பேசியின் முதன்மை லென்ஸ், பழைய முழுச்சட்டக் கேமராவின் 24 முதல் 28 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையான அகல்கோணம் கொண்டது. அதை வைத்துக்கொண்டு கிட்டே போனால், அருகில் உள்ள விளிம்பு பெருத்து, தொலைவில் உள்ள விளிம்பு சுருங்கி, ஓரத்தில் உள்ளவை இழுபடும். போதாக்குறைக்கு, சில கைப்பேசிகள் மிகவும் கிட்டே போனதும் தாமாகவே இன்னும் அகலமான லென்ஸுக்கு மாறிவிடுகின்றன. இரண்டு அடி பின்வாங்கி, திரையில் 2x என்பதைத் தொட்டு எடுங்கள். கிண்ணம் வட்டத்துக்குத் திரும்பிவிடும். அத்துடன் நீங்கள் விலகி நிற்பதால் உங்கள் நிழலும் விலகிவிடும்.

சோறு சாம்பல் நிறமாவதற்கு, கலப்பு ஒளியைத் தவிர மற்றொரு காரணமும் உண்டு. கேமராவின் ஒளி அளவீடு, தன் முன்னால் இருப்பது சராசரியில் நடுச்சாம்பல் என்ற எண்ணத்தோடு இயங்குகிறது. இன்றைய கைப்பேசிகள் காட்சியை ஓரளவு அடையாளம் கண்டு திருத்திக்கொண்டாலும், வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோற்றைக் கண்டால் இன்னமும் தயங்கி ஒளியைக் குறைத்துவிடுகின்றன. திரையில் தெரியும் உணவின் மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்தினால் ஃபோகஸும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு விரலை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்புக் கிண்ணத்தில் கருமையான உணவு என்றால் இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

படத்தில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடினால் அது விளக்கின் துடிப்பு. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உள்ள இடங்களில் விளக்குகள் நொடிக்கு 100 முறையும், 60 சுழற்சி உள்ள இடங்களில் 120 முறையும் துடிக்கின்றன. ஷட்டரின் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, நீங்களே வைக்க முடிந்தால் முறையே 1/50 அல்லது 1/60 நொடியில் வைத்துப் பாருங்கள், கோடுகள் மறைந்துவிடும்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் பற்றிக் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கரண்டியின் காம்பையும் கிண்ணத்தின் விளிம்பையும் எங்கே முடிகின்றன என்று புரிந்துகொள்ளாமல், பாதியைக் கூர்மையாகவும் பாதியைப் பஞ்சாகவும் ஆக்கிவிடும்.

உப்பு போதும் (பதில்)

ஒளியையும் கருவியையும் பற்றி இவ்வளவு வந்துவிட்டது; உணவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் சமைப்பவள், படம் எடுப்பது எனக்கு இரண்டாம் பட்சம். படத்தில் நன்றாகத் தெரியும் உணவு பெரும்பாலும் சரியான பக்குவத்தில் இறக்கப்பட்ட உணவுதான் என்பது என் கருத்து.

கீரையையும் பச்சைக் காய்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பச்சை நிறத்துக்குக் காரணமான குளோரோஃபில் மூலக்கூற்றின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. வெப்பமும் அமிலமும் சேர்ந்தால் அது கழன்றுவிட, பச்சை மங்கிக் காக்கி நிறமாகிறது. ஆகையால் கொதிக்கும் நீரில் மூடி போடாமல் ஓரிரு நிமிடம் மட்டும் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு எடுங்கள். மூடி போட்டால், காயிலிருந்து ஆவியோடு வெளியேற வேண்டிய அமிலங்கள் பாத்திரத்துக்குள்ளேயே திரும்பி விழும். எலுமிச்சைச் சாற்றைப் படம் எடுத்த பிறகு பிழியுங்கள். அதே எலுமிச்சை, நறுக்கிய ஆப்பிளுக்கும் வாழைப்பழத்துக்கும் நேர்மாறாக உதவுகிறது. காற்றுப் பட்டுப் பழுப்பாக்கும் நொதியின் வேலையை அதன் அமிலம் தடுத்து நிறுத்துகிறது.

பழுப்பு நிறம் எப்போதும் கெட்டதன்று. எல்லாமே ஒரே பழுப்பாக இருப்பதுதான் கெட்டது. உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு, அதை நிறைக்காமல் போட்டால், மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஆங்காங்கே பொன்னிறமும் கரும்பழுப்பும் ஏறும். சட்டியை நிறைத்துவிட்டால் நீராவியில் வெந்து, ஒரே சீரான மங்கல் நிறமாக வரும். இதற்கு எந்த விளக்கும் உதவாது.

குழம்பு ஆறினால் அதன் முகமே மாறிவிடுகிறது. வெண்ணெய் சேர்த்ததென்றால் கொழுப்பு உறைந்து வெளுப்புப் படலம் கட்டும். மாவு சேர்த்ததென்றால் தோல் படியும். எனவே மேலே சொன்னது போல எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டு, குழம்பை மட்டும் கடைசியாக ஊற்றுங்கள். கொத்தமல்லி போன்ற இலைகளைத் தூவுவது அதற்கும் பிறகு. சூட்டில் அவை அரை நிமிடத்திலேயே துவண்டுவிடும். சோற்றின் மேல் குழம்பை முழுவதும் ஊற்றி மூடிவிடாமல் ஒரு பக்கமாக ஊற்றினால், வெள்ளையும் சிவப்பும் தனித்தனியே நிற்கும். தட்டின் விளிம்பில் சிந்தியதைத் துடைக்க ஒரு துணியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அளவையும் சற்றுக் குறைத்து வையுங்கள். நிறைந்து வழியும் தட்டு பசிக்கு நல்லது, படத்துக்கு ஆகாது.

சூப்பில் காய்த்துண்டுகள் அடியில் போய் மறைந்துகொள்வது எல்லோருக்கும் நேர்வதுதான். கேம்பெல் சூப் நிறுவனம் இதற்காகத் தன் விளம்பரக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்களை மேலே தூக்கிக் காட்டியதாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டி, இனி அப்படிச் செய்வதில்லை என்ற உடன்பாட்டோடு 1970-இல் அந்த விவகாரம் முடிந்தது. கிண்ணத்துக்குள் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கும்படி இன்றும் பலர் ஆலோசனை சொல்கிறார்கள். என் பார்வையில் அதுவும் கோலிதான். ஆழமில்லாத அகன்ற கிண்ணத்தை எடுத்து, முதலில் காய்களைக் குவித்து வைத்து, பிறகு சாற்றை ஓரமாக முக்கால் அளவுக்கு ஊற்றினால், ஏமாற்று இல்லாமலே காய்கள் தலைகாட்டும்.

கடைசியாக ஒன்று. இரவில் எடுக்கவே முடியவில்லை என்றால், ஒரு பங்கை ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலைச் சாளர வெளிச்சத்தில் நன்றாகச் சூடாக்கி எடுங்கள். படத்துக்காகச் சோற்றையும் இறைச்சியையும் இரவு முழுவதும் மேசையில் விட்டுவைக்க வேண்டாம்.

தாழ்வாரம் (பதில்)

எல்லோரும் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஓர் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கேள்வி கேட்டவர் மேலிருந்து எடுப்பதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார் போலத் தெரிகிறது, அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. நேர் மேலிருந்து எடுப்பது, உயரமே இல்லாத உணவுக்கும், பல கிண்ணங்கள் பரப்பிய மேசைக்கும் பொருந்தும். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் உணவை மேலிருந்து எடுத்தால், அது ஒரு வட்டம் மட்டுமே. அதற்குக் கேமராவை மேசை மட்டத்துக்கு இறக்கியாக வேண்டும். கிண்ணத்தில் இருக்கும் குழம்புக்கும் தட்டில் குவிந்த சோற்றுக்கும், நாம் சாப்பிட உட்காரும்போது கண் பார்க்கும் கோணம், அதாவது ஏறத்தாழ 45 டிகிரி, பெரும்பாலும் சரியாக அமையும். ஆழமான கிண்ணமாக இருந்தால் இன்னும் சற்று உயர்த்திக்கொள்ளலாம், இல்லையென்றால் கிண்ணத்தின் சுவரைத்தான் படம் பிடிப்பீர்கள்.

அலங்காரப் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையலில் சேராத பூவையும் மசாலாப் பட்டைகளையும் மேசை முழுதும் இறைத்து வைக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. சமைக்கும்போது உண்மையில் பயன்பட்ட கரண்டி, பாதி நறுக்கிய எலுமிச்சை, கசங்கிய துணி ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போதும். பின்னணி மங்கலாகவும் பளபளப்பில்லாமலும் இருக்கட்டும். உங்கள் தங்கை பார்க்க விரும்புவது அண்ணன் சமைத்ததை. மேசை விரிப்பை அன்று.

அரைத்தட்டு (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. மூன்று இரவுகள் முயன்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் இரவு, டியூப் லைட்டை அணைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதிலேயே நிறம் பாதி சரியாகிவிட்டது. இரண்டாம் இரவு, மேலே எரியும் பல்பையும் அணைத்துவிட்டு, மேசை விளக்கைப் பத்து மணி இடத்தில் வைத்து, முன்னால் டிரேசிங் பேப்பரை ஒரு நாற்காலியின் முதுகிலிருந்து தொங்கவிட்டேன். எண்ணெய்ப் புள்ளிகள் போய்விட்டன என்று சொல்ல முடியாது, ஆனால் அவை இப்போது குத்தவில்லை, பளபளக்கின்றன. பின்வாங்கி 2x-இல் எடுத்ததில் கிண்ணமும் வட்டமாக வந்தது.

வெட்கத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் இரவு எடுத்த படங்கள் என் திரையில் இன்னமும் மஞ்சளாகவே தெரிந்ததால், நீலத்தைக் கூட்டிக் கூட்டித் திருத்தி அனுப்பினேன். "சோறு ஏன் நீலமாக இருக்கிறது?" என்று தங்கை கேட்டாள். பிறகுதான் தெரிந்தது, கண் உறுத்தாமல் இருப்பதற்காக இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி என் கைப்பேசியில் பல மாதங்களாக எட்டு மணிக்குத் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. நான் திருத்தியது படத்தை அல்ல, திரையை. இதுவரை அனுப்பிய எத்தனை படங்களை இப்படிக் கெடுத்தேன் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இன்னும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. என் வீட்டில் உள்ளவை பெரும்பாலும் பளபளப்பான எவர்சில்வர் தட்டுகள். அவற்றில் விளக்கு, நாற்காலி, என் சட்டை, கைப்பேசி அனைத்தும் தெரிகின்றன. போலரைசர் என்னும் வடிகட்டியை லென்ஸின் முன்னால் வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது உண்மையா?

பழைய ஃபிலிம் சுருள் (பதில்)

திரையின் மஞ்சள் வசதியில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், எனவே வெட்கம் வேண்டாம். திருத்தும்போது அதை அணைத்துவிட்டு, படத்தில் உண்மையாகவே வெள்ளையாக இருக்கும் ஒன்றை, ஒரு காகிதத்தையோ பீங்கான் விளிம்பையோ, அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நிறச்செறிவையும் ஏற்றாதீர்கள். தக்காளியோடு மேசையும் சுவரும் சேர்ந்து சிவந்துவிடும்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. போலரைசர், நீர், எண்ணெய், கண்ணாடி, பீங்கான் போன்ற உலோகமல்லாத பரப்புகளின் பிரதிபலிப்பைக் குறைக்கும். அதுவும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் முழு வலிமையோடு குறைக்கும். நீருக்கு அந்தக் கோணம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி, எண்ணெய்க்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடுதல். நேர் மேலிருந்து எடுத்தால் அதற்கு வேலையே இல்லை. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது வெட்டாது என்பதால், உங்கள் எவர்சில்வர் தட்டு அப்படியேதான் இருக்கும். இன்னொன்று: குழம்பின் மினுமினுப்பை முழுவதும் வெட்டிவிட்டால், அது காய்ந்துபோன குழம்பாகத் தெரியும். அந்தப் பளபளப்பில் கொஞ்சம் நமக்கு வேண்டியதுதான்.

எவர்சில்வர் தட்டை ஒரு கண்ணாடியாகவே நினையுங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டும். அதனால் அது பார்க்கும் இடத்தில் நமக்கு வேண்டியதை வைத்துவிடலாம். நீங்கள் 45 டிகிரியில் எடுத்தால், தட்டின் அடிப்பகுதி உங்களுக்கு எதிர்ப்புறம் அதே கோணத்தில் மேலே இருப்பதைக் காட்டும். அங்கே ஒரு பெரிய வெள்ளை அட்டையைச் சாய்த்து நிறுத்தினால் தட்டு சீரான வெண்மையாகத் தெரியும். கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் தட்டு கறுத்து, சோறு மட்டும் எடுத்துக்காட்டப்படும். வெளிர் நிற உணவுக்குக் கறுப்பையும், அடர் நிற உணவுக்கு வெள்ளையையும் வைத்துப் பாருங்கள். தட்டின் வளைந்த விளிம்பை மட்டும் இப்படி அடக்க முடியாது. அது வளைந்திருப்பதால் அறையின் பாதியைப் பார்க்கிறது. விளக்கை ஓரிரு அங்குலம் நகர்த்தி, விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு உணவைத் தொடாத இடத்தில் நிற்கும்படி செய்வதே அதிகபட்சம்.

உங்கள் சட்டை தட்டில் தெரியாமல் இருக்க, கோடோ கட்டமோ இல்லாத அடர் நிற உடை போதும். கைப்பேசிக்கும் ஒரு கறுப்பு உறையை மாட்டிவிடுங்கள். நேர் மேலிருந்து எடுக்கும் நாள்களில் தட்டின் நடுவில் முதலில் தெரிவது அதுதான்.